பட்ஜெட் எவ்வளவு?

“பையனுக்கு கேமிங் கம்ப்யூட்டரா? உங்க பட்ஜெட் எவ்வளவு?” என்று எல்லோரிடமும் கேட்பதுபோலவே கேட்டார் கடைக்காரர்.

ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றவன் சட்டைக்குள்ளிருந்து கத்தியை உருவி அவர் கழுத்தில் வைத்தான்.

“இதுதான்.”

மதிய நேரம், தெருவில் ஆளில்லை. பில் போடும் அக்கா போனை எடுத்தார். அவன் அதைப் பிடுங்கித் தரையில் அடித்து, பூட்ஸ் காலால் மிதித்து நொறுக்கினான். பிறகு கடைக்காரர் கையாலேயே அக்காவைக் கேபிளால் நாற்காலியோடு சேர்த்துக் கட்ட வைத்தான்.

கடைக்காரர் கல்லாவைத் திறந்தார். அவன் அதை எட்டி உதைத்து மூடினான். அவர் விரல்கள் நடுவில் மாட்டி நசுங்கின.

“பணம் எவன்யா கேட்டான்? டிவி மாதிரி இருக்கே, அது பையன்கிட்ட இருக்கு. எனக்கு டப்பாதான் வேணும். பைக்ல வெச்சுக் கட்டுற மாதிரி ஒண்ணு குடு.”

கடைக்காரர் வாசல் பக்கம் கை காட்டினார். அங்கே ஒரு பெட்டி ஏழு நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

கட்டுண்டு கிடந்த அக்காவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அது ஆள் பிடிக்க வைத்த பெட்டி. உள்ளே இருப்பதெல்லாம் கழித்துப் போட்ட பாகங்கள். அதன் பவர் சப்ளை ஏற்கெனவே ஒருமுறை புகைந்தது. விளக்கு எரிய அது போதும், விளையாட்டு இழுக்கும் கரண்ட்டைத் தாங்காது. நல்லா வேணும் படுபாவிக்கு என்று நினைத்துக்கொண்டார்.

அவன் பெட்டியை ஆசையாகத் தூக்கிக்கொண்டான். குரல்கூடக் கொஞ்சம் இளகியது.

“பையன் அம்மாகூட இருக்கான். ரெண்டு வருஷம் உள்ள இருந்துட்டு வர்றேன், வெறுங்கையோட போய் நிக்கச் சொல்றியா? போன் பண்ணாலே கார் ரேஸ் பேச்சுதான். அதுல அவன் பேரு வாலறுந்த பல்லி. உலகத்துக்கே ஒருத்தன்தான்யா! அந்தப் பேரை வேற எவனும் வைக்க முடியாதாம், தெரியுமா உனக்கு?”

தெருவில் போகிறவர் மணி கேட்டால்கூடக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று விளக்குகிறவர் கடைக்காரர். அந்தப் பேரைக் கேட்டதும் விளக்கத்துக்கு முன்னாலேயே அவர் கை நீண்டு பெட்டியைப் பிடித்தது.

“அதைக் கீழ வைங்க. அது வேணாம்.”

“என்னது?”

“அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்துக்குங்க. பார்க்கச் சுமாராதான் இருக்கும். விலையும் கம்மி. ஆனா…”

கத்தியின் பிடி அவர் வாயில் இறங்கியது. உதடு கிழிந்தது. “நல்லதை ஒளிச்சுட்டு மட்டமானதை என் தலையில கட்டுறியா?”

“தம்பி, விட்டுத் தொலைங்க! கேட்டதையே கொண்டு போகட்டும்!” என்று அலறினார் அக்கா.

கடைக்காரர் ரத்தத்தைத் துப்பிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அவன் கண்ணுக்கு அது ஆயுதமாகத் தெரிந்தது. கத்தி அவர் உள்ளங்கையைக் குறுக்கே பிளந்தது.

“திறந்து காட்டத்தாங்க எடுத்தேன்,” என்று முனகினார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு பெட்டிகளின் பக்கத் தகட்டையும் கழற்றினார். இரண்டிலும் சிவப்பு சொட்டியது.

“கேமை ஓட்ட ரெண்டு பேர் வேணும். கணக்குப் போடுறவன் புராசசர். படம் வரையறவன் இந்த கிராபிக்ஸ் கார்டு. மின்னுற பெட்டியில பாருங்க, வரையறவனே கிடையாது. கணக்குப் போடுறவனே அதையும் செய்யணும். கார் திரும்பும்போது மரம், சுவர், கூட்டம் எல்லாத்தையும் ஒரே நொடியில புதுசா வரையணும். அங்கதான் மூச்சு வாங்கி அப்படியே நிக்கும். கம்மி விலையில வாங்கினா காசை இந்தக் கார்டு மேல போடணுங்க, லைட்டு மேல போடக்கூடாது. அதோட அந்தப் பவர் சப்ளை தீப்பிடிக்கும்.”

“தீயா?” ஹெல்மெட் மெல்ல நிமிர்ந்தது. “எம்புள்ளையைக் கொளுத்தப் பார்த்தியா?”

பூட்ஸ் கால் அவர் விலாவில் பாய்ந்தது. விழுந்தவரை மறுபடியும் உதைத்தான். மின்னுகிற பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். கறுப்புப் பெட்டியை மூடச் சொல்லி, இடுக்கிக்கொண்டு வெளியேறினான்.

“மானிட்டர் ஒயரைக் கார்டுல சொருகச் சொல்லுங்க!” தரையில் கிடந்தபடியே கத்தினார் கடைக்காரர். “மேல இருக்கற ஓட்டையில சொருகினா கார்டு சும்மா இருக்கும்!”

பைக் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவர் தவழ்ந்து வந்து, நசுங்காத விரல்களால் அக்காவின் கட்டை அவிழ்த்தார்.

“உள்ள ஏதோ பண்ணிட்டீங்கதானே தம்பி? போட்டதும் வெடிக்குமா?”

“நல்லா ஓடும்க்கா. தூசி தட்டி வெச்சா மூணு நாலு வருஷம் தாங்கும்.”

“சரி, பக்கத்துக் கடையில போய் போலீசுக்குப் போன் போடுறேன்.”

“வேணாம்க்கா.”

அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “பைத்தியமா உங்களுக்கு? அந்த மின்னுறதைக் குடுத்து அனுப்பியிருந்தா இந்தக் குத்து, வெட்டு எதுவும் இல்லையே! எவன் வீடு எரிஞ்சா நமக்கென்ன?”

கடைக்காரர் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வாலறுந்த பல்லி எங்க வீட்டுலதான்க்கா வளர்றான்.”