தெளியட்டும்

"ஐயோ, என் காலு போச்சே! சார், என்னைத் தூக்குங்க சார்!"

திருமானூர் சாலையில் கரும்பு டிராக்டரும் மொபெட்டும் மோதிக் கிடந்தன. கத்தியவன் டிராக்டரிலிருந்து விழுந்த வீரமணி. மொபெட்டில் வந்த வைரக்கண்ணுவோ, முத்தாயியின் டீக்கடை பெஞ்சில் தலையில் துணிக்கட்டோடு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆம்புலன்ஸிலிருந்து குதித்த சவரிமுத்து பெஞ்சுக்குத்தான் ஓடினான். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. வாய் திறக்காதவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது அவன் தொழிலின் பாலபாடம்.

"அண்ணே, உங்க பேரு என்ன?"

"வை... வைரம்..." நாக்கு குழறியது. எழப் பார்த்தவர் தள்ளாடி, பெஞ்சோரமாக வாந்தி எடுத்தார். பிராந்தி நாற்றம் குப்பென்று சவரிமுத்துவின் முகத்தில் அடித்தது.

அவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பட்டப்பகலில் ஏற்றிக்கொண்டு வண்டி வேறு ஓட்ட வந்துவிடுகிறார்கள்! வேனில் இருப்பதோ ஒரே ஸ்ட்ரெச்சர்.

"அக்கா, இவரைப் படுக்க வைங்க. கொஞ்சம் தெளியட்டும். அடுத்த நடையில கூட்டிட்டுப் போறேன்."

"சரிங்க தம்பி," என்றாள் முத்தாயி.

வீரமணியை அரியலூரில் சேர்த்துவிட்டு அவன் திரும்பியபோது, முத்தாயி நிம்மதியாகச் சிரித்தாள்.

"நல்லாத் தூங்குறாரு தம்பி. குறட்டை ஊரையே தூக்குது."

"குறட்டையா?" சவரிமுத்து பெஞ்சுக்குப் பாய்ந்தான். வைரக்கண்ணுவின் இமைகளைத் தூக்கி டார்ச் அடித்தான். ஒரு கண்ணின் பாப்பா சுருங்கியது. மற்றது விரிந்தபடியே நின்றது. மண்டைக்குள் ரத்தம் கசிகிறது!

டிரைவர் விரட்ட, வேன் பறந்தது. துணைக்கு முத்தாயியும் ஏறிக்கொண்டாள். அரியலூர் எட்டுமுன்பே குறட்டை நின்றது. நெஞ்சை அழுத்திப் பார்த்தான், வாயில் ஊதிப் பார்த்தான். அவர் போய்விட்டார்.

"தப்புப் பண்ணிட்டேன்க்கா," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "முதல்லயே இவரைத்தான் ஏத்தியிருக்கணும். ஆனா, இப்படிக் குடிச்சிட்டு வந்தா போதையா, அடியான்னு நான் எப்படிக்கா கண்டுபிடிப்பேன்?"

முத்தாயி மிரண்டுபோய் அவனைப் பார்த்தாள்.

"யாரு தம்பி குடிச்சா? நீங்க மயக்கம் தெளியட்டும்னு சொன்னதாயில்ல நெனச்சேன்! காயம் சீழ் புடிச்சிடக் கூடாதேன்னு, எங்க வூட்டுக்காரரு ஒளிச்சு வெச்சிருந்த பாட்டிலை நான்தானே அவரு தலையில கவுத்துக் கட்டுப் போட்டேன்!"