கோணல் தையல்

பள்ளிகொண்டா சர்ச் ஹாலில் நடந்த வறுமை ஒழிப்புப் பயிற்சியில் நானும் அம்மாவும் ஒரே வகுப்பு. மூன்று மாதம் ஷூ தைக்கக் கற்றுத் தருவார்கள். மதியம் முட்டையோடு சாப்பாடு உண்டு.

கடைசி நாள் பரீட்சை. அம்மா தைத்ததை ஃபீபி டீச்சர் தூக்கிக் காட்டினார்.

"இன்னா பூவம்மா, தையல் பாலாறு மாதிரி வளைஞ்சி போவுது?"

"தண்ணி இல்லாத ஆறுதானே டீச்சர்!" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

"போன தடவையும் ஃபெயில். சரி, அடுத்த பேட்ச்லயும் சேர்ந்து கத்துக்கோ."

என் தையலைப் பார்த்ததும் டீச்சர் முகம் மலர்ந்தது.

"நீ பாஸ் ஜாஸ்மின்! சர்டிஃபிகேட் வாங்கிக்கோ. இனிமே நீ வரத் தேவையில்ல."

"வேலை டீச்சர்?"

"கம்பெனி ஏதாவது தொறந்தா சொல்லி அனுப்புறேன்."

வீடு திரும்பும் வழியில் என் செருப்பு வார் அறுந்தது. அம்மா மைல்கல்லில் உட்கார்ந்து, பையிலிருந்த ஊசியால் அதைத் தைத்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருந்தது தையல். மூடிப்போன ஆம்பூர் கம்பெனியில் பதினோரு வருஷம் ஷூ தைத்த கை அது.

"போன தடவ பாஸானவங்கல்லாம் வூட்லதான் குந்தினுருக்காங்க. உன்ன யாருடி நேரா தைக்கச் சொன்னது?"

"வேலை கெடைக்கும்னு நெனச்சேம்மா."

அம்மா செருப்பை என் காலடியில் போட்டாள்.

"நாளையிலேர்ந்து மத்தியானத்துக்கு இன்னா துன்னுவ?"