நிவேதாவின் வேலை

அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசிப் பல வருடங்களாகின்றன. ஒருவர் சொல்வதை மற்றவரிடம் கொண்டுபோவது நிவேதாவின் வேலை. கோபச் சொற்களை வழியிலேயே உதிர்த்துவிட்டு மிச்சத்தை ஒப்படைப்பாள். சர்வதேச உறவுகளில் எம்.ஏ. முடித்ததும் வெளிநாட்டில் ஒரு தூதரகத்தில் வேலை கிடைத்தது.

விமான நிலைய வாசலில் அம்மா மூக்கை உறிஞ்சினாள். "ஊர் உலகத்தைச் சமாதானம் பண்ணப் போறா. இனிமே மாத்திரை போடச் சொல்லி உங்கப்பாகிட்ட யார் சொல்றதுன்னு கேளுடி."

"எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லும்மா" என்றார் அப்பா.

நிவேதா சொல்லவில்லை. இருவரையும் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளிருந்து திரும்பிப் பார்த்தாள். அவள் நின்ற இடத்தை நடுவில் விட்டே இருவரும் நின்றிருந்தார்கள். அப்பா ஏதோ சொன்னார். அம்மா பழக்கத்தில் மகள் நின்ற பக்கம் திரும்பினாள்; யாரும் இல்லாததைக் கண்டு, மெல்ல அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.