வாசனை இல்லாத வீடு

"நேத்து புதுசா வாங்கின ஷேவிங் கிரீம் எங்கேடி?" என்று கத்தினான் கணவன்.

"குப்பையில" என்றாள் மனைவி.

ஒரு மாதமாக இதே கூத்துதான். பழைய ஷேவிங் கிரீம், வாசனை சோப்பு, பவுடர், ஷாம்பு எல்லாம் முதல் நாளே போயிற்று. நேற்று பாக்கெட் மசாலாவும் போயிற்று. அவளோ நிலைகொள்ளாமல் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"கெமிக்கல் ஆகாதுன்னு எந்த வீடியோவைப் பார்த்துக் கெட்டுப்போனே?"

அவள் அவன் சட்டையை முகர்ந்தாள். "இது நேத்து போட்டது. மாத்துங்க."

எரிச்சலோடு சட்டையைக் கழற்றியவன் கண்ணாடியைப் பார்த்து அசந்துபோனான். வருஷக்கணக்காகக் கழுத்தில் இருந்த அரிப்பையும் தடிப்பையும் காணோம்!

"கெட்டிக்காரிடி நீ! இனிமே கெமிக்கல் இருக்கிற பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"வேலைக்குங்க! கிடைக்குமோ கிடைக்காதோன்னுதான் சொல்லலை. சோப்புக் கம்பெனியில புது சென்ட்டெல்லாம் மோந்து பார்த்துச் சொல்லணும். மூக்கு மழுங்கிடும், வீட்ல ஒரு வாசனையும் கூடாதுன்னுட்டாங்க."

செருப்பை மாட்டியவள் திரும்பிச் சிரித்தாள்.

"உங்களுக்கும் பேசியிருக்கேன். புது ஷேவிங் கிரீமைப் போட்டுப் பார்க்க, ஒரு மாசமா எதுவுமே படாத கழுத்து வேணுமாம்!"

அவன் கை தானாகக் கழுத்துக்குப் போய்ச் சொறிய ஆரம்பித்தது.