ஜல்லிக் குவியலில் வெயில்

சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறாள், தென்காசியிலிருந்து வந்த செல்வலட்சுமி. ரோடு போடக் கொட்டியிருக்கும் ஜல்லிக் குவியலில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. வெறும் கறுப்பென்று யாரும் திரும்பிப் பார்க்காத குவியல் அங்கங்கே கண் விழிக்கிறது. ஒரு கல் கண்ணாடிச் சில்லைப் போலச் சுடர்கிறது. இன்னொன்று எண்ணெய்க் கை பட்டதுபோல மங்கலாக மினுங்குகிறது. அவளுடைய லைன் சூப்பர்வைசர் ஷெர்லின் குனிந்து ஒரு கல்லை எடுக்கிறாள். அதில் மஞ்சளாக ஒரு பொட்டு.

"இன்னாடி இது, தங்கமா?"

"தங்கம் இல்லக்கா, பைரைட்டு. ரெண்டும் உலோகம் மாதிரிதான் பளபளக்கும். ஆனா இத உரசுனா கறுப்பாக் கோடு விழும். பக்கத்துல முத்து மாதிரி மினுங்குதுல்லா, அது மைக்கா. ஏடு ஏடா இருக்கதால வெளிச்சம் உள்ள போய்த் திரும்புது." செல்வலட்சுமியை அறியாமல் வாய் பேசிவிடுகிறது.

ஷெர்லின் நிமிர்ந்து பார்க்கிறாள். "பிளஸ் டூன்னு தானே எழுதிக் குடுத்துகீற?"

டிகிரி படித்தவர்களைக் கம்பெனியில் லைன் வேலைக்கு எடுப்பதில்லை. யாரோ சொல்லிக் கேட்டேன் என்று இப்போதும் சமாளித்துவிடலாம். செல்வலட்சுமி கல்லையே பார்க்கிறாள்.

"காலேஜுல படிச்சேன்க்கா, மூணு வருசம். கல்லப் பத்தித்தான்."

பஸ் வந்து நிற்கிறது. ஷெர்லின் ஏறவில்லை. குவியலில் தேடி வேறொரு கல்லை எடுத்து, வெயிலுக்குத் திருப்பி நீட்டுகிறாள்.

"அப்போ இது இன்னா?"