தெருமுனை வேகத்தடையும் சிவப்புக் காரும்

தெருமுனையில் தொப்பை வைத்த வேகத்தடை ஒன்று இருந்தது. ஒருநாள் அதன்முன் இரண்டே கதவுள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. தரையை ஒட்டித் தாழ்ந்த பழைய கார். செம்பியன் பத்து வருட ஆசையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

"இறங்குங்க, அடி தட்டும்," என்றான். பின்சீட்டில் மடங்கிக் கிடந்த மகளும், காய்கறிப் பையோடு மனைவி மணிமொழியும் இறங்கி நடந்தார்கள். கார் கோணலாக ஏறியும் கரகரவென்று உரசியது.

தினமும் இதே கூத்து. ஒரு மாதத்தில் மணிமொழி வெடித்தாள். "உட்கார்ந்து போகத்தானே காரு? பேசாம வித்துடுங்க!"

செம்பியன் முகம் தொங்கிப்போனது. "சரி," என்றான். மணிமொழி அந்த முகத்தையே பார்த்தாள்.

"எல்லாம் என்னாலதான்," என்றது வேகத்தடை.

"உன்மேல என்ன தப்பு?" என்றது கார். "முதல் ஓனர் தனியாத்தான் பறப்பான். பக்கத்து சீட்டு எப்பவும் காலி. எனக்காக இறங்கி நடந்தவங்க இவங்கதான். இவங்களை விட்டுப் போகணுமே."

மறுநாள் கார் நின்றதும், செம்பியன் சொல்லாமலே மணிமொழி இறங்கினாள். பையை மகளிடம் கொடுத்துவிட்டு, நடுரோட்டில் குத்துக்காலிட்டு, காரின் அடியைக் குனிந்து பார்த்தாள்.

"ஸ்டியரிங்கை இன்னும் ஒடிங்க... வாங்க, வாங்க... பாவம், மெதுவா!"

வேகத்தடை மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கிக்கொண்டது.