ஐஸ் கம்பெனி மோட்டார்

விளக்கு மங்கியது. குணாவின் மூக்குக்கு ஆக்சிஜன் தரும் மெஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது.

வைஜெயந்தி பாய்ந்து சுவிட்சை அணைத்துப் போட்டாள். மெஷின் மறுபடி மூச்சுவிட ரெண்டு நிமிஷமாவது ஆகும். அதற்குள் புருஷனின் நகக்கண்ணெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. போன வருஷம்வரை கடலுக்குப் போன ஆள். நுரையீரல் சுருங்கிப்போய் ஒரு வருஷமாய்க் கட்டிலே கதி.

"போட்டுட்டான் மோட்டார!"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே இருந்த ஐஸ் கம்பெனிக்குள் நுழைந்தாள். முதலாளி சிங்காரவேலு, எலக்ட்ரீஷியன் ராஜ்கமலோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே இது? ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி நீ மோட்டார் போடுற, ரெண்டு வாட்டி எம்புருஷன் செத்துப் பொழைக்கிறாரு!"

ராஜ்கமல்தான் பதில் சொன்னான். "அது நேரடி ஸ்டார்ட்டரு, அக்கா. பட்டனை அமுக்குனதும் மோட்டார் ஆறு மடங்கு கரண்ட்ட ஒரே இழுப்பா இழுக்கும். தெருவே மங்கிடும். கெளம்பிட்டா அப்புறம் எத்தினி நேரம் ஓடினாலும் ஒண்ணும் தெரியாது."

"வேற ஸ்டார்ட்டரே கெடைக்கலியா ஒங்களுக்கு?"

"ஸ்டார்-டெல்டான்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு மோட்டார்லேர்ந்து ஆறு ஒயர் வெளிய வரணும். இந்தக் கெழட்டு மோட்டார்ல மூணுதான். சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டா மெள்ள மெள்ளக் கெளப்பும், ஒங்க வூட்டு லைட்டு கண்ணுகூட சிமிட்டாது. ஆனா வெல…" என்று முதலாளியைப் பார்த்தான்.

"வாங்கிப் போடுண்ணே!"

சிங்காரவேலு டம்ளரை டொக்கென்று வைத்தார். "மீன்பிடி தடைக்காலம். நம்ம நரம்பையில ஒரு போட்டுகூட கடலுக்குப் போவல. எறா பண்ணைக்காரன் ரெண்டு பேர நம்பி ஓட்டிக்கினு கெடக்கறேன். இதுல சாஃப்ட் ஸ்டார்ட்டராம்! போம்மா, போயி வூட்டப் பாரு."

"நல்லா இருப்பியாய்யா நீ?"

மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திரும்பினாள்.

மறுநாளிலிருந்து மோட்டார் நிற்கவே இல்லை. வழக்கமாய்க் காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம். இப்போது பகல் ராத்திரி என்றில்லாமல் ஒரே உறுமல். சுவரில் காலண்டர் நடுங்கியது. விற்காத ஐஸ் பாளம் பாளமாகக் கம்பெனிக்குப் பின்னால் கரைந்து சாக்கடையில் ஓடியது.

"கேக்கப் போனேன்ல, வீம்புக்கு ஓட்றான்."

"வுடுடி…" குணா ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைத் தேடினான். "போட்டு எஞ்சின்… மாதிரி இருக்கு. தூக்கம் வருது."

தன்னைச் சமாதானம் பண்ணச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியாதா?

மெஷின் மட்டும் அதன்பிறகு கத்தவில்லை. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நடுவில் ஒருநாள் கரண்ட் போனது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டருக்குக் குணாவை மாற்றினாள். கரண்ட் வந்ததும் வாசலில் சிங்காரவேலுவின் தலை தெரிந்தது.

"சிலிண்டர்லதான் இருக்காரா?"

"போய்ச் சேந்துட்டாரான்னு பாக்க வந்தியா? சிலிண்டர்லதான் இருக்காரு. கெளம்பு!"

அவர் நேரே கம்பெனிக்குள் போனார். சற்றைக்கெல்லாம் உறுமல் மறுபடி தொடங்கியது.

அந்த வாரம் அரியூர் டாக்டரும் கையை விரித்துவிட்டார். "இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லம்மா. இருக்கிற வரைக்கும் நிம்மதியா தூங்கட்டும்."

தூக்கமா? இந்தச் சத்தத்திலா? நேரே கொம்யூன் பஞ்சாயத்துக்குப் போய் மனு கொடுத்தாள். தெருவே கையெழுத்துப் போட்டிருந்தது.

ஆபீசர் வந்தபோது மோட்டார் ஓடத் தொடங்கி இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"கடல்ல ஒரு போட்டு இல்ல. யாருக்குய்யா இவ்ளோ ஐஸ்? நிறுத்து மொதல்ல."

"சார், ஒரு பத்து நாள் பொறுத்துக்கோங்க…" சிங்காரவேலு பட்டனை மறைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா சார் திமிர!" என்றாள் வைஜெயந்தி.

ஆபீசர் அவரை ஒதுக்கிவிட்டு, எட்டிச் சிவப்புப் பட்டனை அமுக்கினார். உறுமல் இறங்கி இறங்கி அடங்கியது. அந்த அமைதியில், எதிர்வீட்டு மெஷின் புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுவது இங்கே வரைக்கும் கேட்டது.

"இனிமே பழையபடி காலையில போடு, அணை. சாயங்காலம் போடு, அணை. புரியுதா?"

சிங்காரவேலு சுவிட்ச் பலகையிலிருந்த மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி வைஜெயந்தியின் உள்ளங்கையில் வைத்தார்.

"அணைச்சா திரும்பப் போடணும். போட்டா ஒங்க வூட்டு மெஷின் நின்னுடும்னுதாம்மா அணைக்காமலே ஓட்டினேன். இத நீயே வெச்சுக்க. அவருக்கு மெஷின் வேணாம்னு ஆவுற அன்னிக்குக் குடுத்தனுப்பு, போதும்."